மூச்சு: இன்னாசிமேரி

தில்லைநாதனுக்குச் சிதம்பரம் மேல வீதியில் உரக்கடை. பையன் என்ன செய்கிறான் என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால், "பயமுறுத்துறான்" என்பார். அதற்கு மேலும் யாராவது நின்றால், "மொதல் போட்டது நான்தான்" என்பார்.

பையன் எழிலன் பெங்களூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்து சீட்டாட்ட ஆப்புக்குப் பொத்தான் வரைந்துகொண்டிருந்தவன். ஒரு நாள் வேலையை விட்டுத் தாடி வளர்த்துக்கொண்டு ஊர் திரும்பினான். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டாம் மாடியைப் பிடித்தான், சுவரெல்லாம் கறுப்புப் பெயின்ட் அடித்தான், ‘கருநாக்கு ஸ்டுடியோஸ்’ என்று போர்டு மாட்டினான். "தொழிலுக்கு வைக்கிற பேராடா இது?" என்று அப்பா கேட்டதற்கு, "உங்களுக்கு பிராண்டிங் புரியாதுப்பா" என்றான். உரமூட்டை விற்றே வீடு கட்டிய மனிதர் செக்கில் கையெழுத்துப் போட்டார்.

"பயம்னா பேய் இல்ல. அட்மாஸ்பியர்." எல்லாப் பேட்டியிலும் எழிலன் இதைச் சொல்வான். பேட்டி எடுப்பவர்கள் பெரும்பாலும் யூடியூப் சேனல் வைத்திருக்கும் அவனுடைய காலேஜ் ஜூனியர்கள். "எங்க கேம்ல ஃபேக்கா ஒரு சத்தம்கூட கெடையாது. ஒவ்வொண்ணும் ரியல்."

ரியலான அந்தச் சத்தங்களைத் தயாரித்தவன் சகாய ஆனந்த். சிதம்பரத்தில் படித்த காலத்தில் எழிலனின் அறைத்தோழன். படிப்புக்குப் பிறகு கல்யாண வீடியோவுக்கும் பங்குக் கோவில் பாடற்குழுவுக்கும் மைக் பிடித்துக்கொண்டிருந்தவனை எழிலன்தான் அழைத்து உட்கார வைத்தான். ஹாஸ்டலில் இருவரும் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்டவர்கள். ஸ்டுடியோ தொடங்கிய அன்றே எழிலன் அதை நிறுத்திவிட்டான். "இனிமே ப்ரோன்னு கூப்புடு. மச்சான் புரொஃபஷனலா இல்ல."

முதலில் உண்மையாகவே பிச்சாவரத்துச் சதுப்புக்காட்டுக்குப் போய்ப் படகு எடுத்துக்கொண்டு நாளெல்லாம் பதிவு செய்தார்கள். திரும்பி வந்து கேட்டபோது அதில் இருந்தவை: செல்ஃபி எடுக்கும் ஒரு குடும்பத்தின் சண்டை, படகுக்காரரின் போன் மணி, "உஷ், யாரும் பேசாதீங்க" என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்த எழிலனின் குரல். ஆகவே சதுப்பு நிலத்தில் பேய் நடக்கும் சத்தத்துக்குச் சகாய ஆனந்த் பரோட்டா மாவை இரண்டு கையாலும் அறைந்தான். எலும்பு முறிய முருங்கைக்காய். சதை கிழியப் பண்ருட்டிப் பலாப்பழம். வேலை முடிந்ததும் சதையை எல்லோரும் உட்கார்ந்து தின்றார்கள். அடுத்த பேட்டியில் எழிலன், "அந்தச் சேத்துல வெறுங்காலோட நானே எறங்கி நடந்தேன் ப்ரோ" என்றான். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருந்தது. அவனே நம்பிவிட்டான்.

கேமின் பெயர் ‘உப்பங்கழி வீடு’. கழிமுகத்தில் தனியாக நிற்கும் ஒரு வீட்டுக்குள் ஆடுகிறவன் நுழைகிறான். உள்ளே ஒரு கிழவியின் பேய். அது கண்ணுக்குத் தெரியாது. பேயை வரைய ஆள் இல்லாததால் எடுத்த முடிவு இது, வெளியே கலைக்கொள்கை என்று சொல்லப்பட்டது. மூச்சு மட்டும்தான் கேட்கும். மூச்சு பக்கத்தில் வந்தால் ஓட வேண்டும். கேமே அந்த மூச்சில்தான் நின்றது.

மூச்சு விடுவதற்குச் சிதம்பரத்திலிருந்து இலக்கியா வந்தாள். நாடகம் படித்தவள், மேடையில் நிகழ்ச்சி தொகுத்தும் வழங்குவாள். ஒரு காலைப்பொழுது முழுக்க மைக் முன்னால் மூச்சு விட்டாள்.

"ரசம் உறிஞ்சுற மாதிரி இருக்கு" என்றான் எழிலன்.

"கெழவின்னுதானே சொன்னீங்க? எங்க அத்தை இப்படித்தான் விடும்."

"உங்க அத்தை ரியலா இல்ல."

அவள் போனபிறகு எழிலன் தானே முயன்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் தலை சுற்றி உட்கார்ந்தான். அப்போதுதான் சகாய ஆனந்தின் போன் அடித்தது. இரண்டு கையிலும் மாவு. ஸ்பீக்கரில் போட்டான்.

"டேய் ஆனந்து... சாப்புட்டியா... நான் மாத்திரை வாங்கப் போறேன்... கேஸ்காரன் வந்தா..."

அவ்வளவுதான் செய்தி. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நெஞ்சுக்கூட்டின் அடியிலிருந்து ஒரு விசில் ஏறி, நடுவில் கிழிந்து, திரும்ப உள்ளே இழுபட்டது. எழிலன் தலைசுற்றல் நீங்கி எழுந்து நின்றான்.

"யாரு ப்ரோ அது?"

"எங்கம்மா."

"என்னா டெக்ஸ்சர்," என்றான் எழிலன் மெதுவாக, கோபுரத்தைப் பார்த்தவன் மாதிரி.

இன்னாசிமேரி முந்திரிக்கொட்டை வறுக்கும் இடத்தில் புகைக்குள்ளேயே வயதைக் கழித்தவள். அந்தப் புகை அவளுக்குக் கொடுத்தது இழுப்பு நோய். மூச்சுக்கு அடிக்கும் பம்பு ஒன்று எப்போதும் கைப்பையில் இருக்கும். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை, இடையில் முடியாதபோது. முதுநகரில் அவர்கள் வீட்டுக்கு எழிலன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தான்.

"என் இழுப்புக்கு ஒருத்தன் ஆசப்பட்டு ஆப்பிளோட வர்றான் பாரு," என்றாள் இன்னாசிமேரி. "எங்க ஊட்டுக்காரரு இருந்தவரைக்கும் இதைக் கேட்டுட்டு வெளித்திண்ணைல போயிப் படுத்துக்குவாரு. நான் என்னா தம்பி, பேயா?"

"மெயின் பேயே நீங்கதான் ஆன்ட்டி."

"கடைசில சாமியார் வந்து என்னைத் தொரத்திடுவாரா?"

"இல்ல. ஜெயிக்கிறதே நீங்கதான்."

"அப்ப சரி. பேரு வருமா?"

"வரும்."

"இன்னாசிமேரின்னு முழுசாப் போடணும். வெறும் மேரின்னு போட்டா, எங்க பங்குல நூறு மேரி இருக்காளுவோ."

எழிலன் கொஞ்சம் தயங்கி, அந்தத் தயக்கத்தையும் ரசித்துவிட்டு, ஒரு விஷயம் சொன்னான். ரெக்கார்டிங்குக்கு முதல்நாள் ராத்திரியும் அன்று காலையும் பம்பு அடிக்காமல் வந்தால் மூச்சு இன்னும் நன்றாக இருக்கும்.

இன்னாசிமேரி மகனைப் பார்த்தாள். "அடிக்காம வரவா? நீ சொல்லு."

சகாய ஆனந்துக்கு வேண்டாம் என்ற சொல் வாய் வரை வந்தது. அதற்குள் எழிலன் அவன் பக்கம் திரும்பி, "டைட்டில்ல உன் பேரு தனியா வரும் ப்ரோ. ஃபுல் ஸ்க்ரீன். கறுப்புல வெள்ளை. சவுண்ட் டைரக்டர்" என்றான்.

"ஒரு நாள்தானம்மா," என்றான் சகாய ஆனந்த்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று பகல் முழுக்க மஞ்சக்குப்பத்தில் மிக்சி ஓடாது, மோட்டார் ஓடாது, கீழே மருந்துக்கடை ஏசியின் உறுமல் இருக்காது. லேப்டாப் பேட்டரியில் ஓடும். பதிவறை என்பது பழைய சாமான் அறைதான். ஒரு கல்யாண மண்டபத்தில் கழித்துக்கட்டிய பஞ்சு மெத்தைகளை வாங்கிவந்து நாலு சுவரிலும் அறைந்து வைத்திருந்தார்கள். எத்தனை மாப்பிள்ளை வீட்டார் படுத்த மெத்தையோ, தட்டினால் புழுதி பறக்கும். ஜன்னலை அடைத்தாயிற்று. விளக்கு இல்லை, மின்விசிறி இல்லை. கதவைச் சாத்தினால் கும்மிருட்டு.

இன்னாசிமேரி ஞாயிற்றுக்கிழமைப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வளையல் சத்தம் வரும் என்று கழற்றச் சொன்னார்கள். ஜெபமாலையை உருட்டினால் மைக்கில் கேட்கிறது என்று வாங்கி வைத்தார்கள். கைப்பையில் சாவி குலுங்குகிறது, அதுவும் வெளியே. பம்பு பைக்குள் இருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, காதில் ஹெட்போனை மாட்டி, கதவைச் சாத்தி, இடுக்கில் துணியைச் செருகினார்கள். வெளியே எழிலனும் சகாய ஆனந்தும் ஆளுக்கு ஒரு ஹெட்போன் மாட்டிக்கொண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள்.

மூச்சு அற்புதமாக வந்தது. எழிலன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான். கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் திருப்தி போய்விட்டது.

"கன்ட்ரோல்டா இருக்கு ப்ரோ. தொரத்துற மூச்சு வேணும். படி எறங்கி ஏறிட்டு வரச் சொல்லலாமா?"

"ரெண்டு மாடி எழில்."

"பொறுமையா ஏறட்டும். கூட வேணா போ."

இன்னாசிமேரி இறங்கினாள், ஏறினாள். பாதிப் படியில் நின்று, கைப்பிடியில் சாய்ந்து, "பேயிக்குக் கூடவாடா... மாடிப்படி..." என்று சிரிக்கப் பார்த்தாள். மகன் தோளைப் பிடித்து அழைத்து வந்து இருட்டில் உட்கார வைத்தான். கதவு சாத்தப்பட்டது.

இந்த முறை விசில் இரண்டு பக்கமும் அடித்தது, விடும்போதும் இழுக்கும்போதும். சின்ன வயதிலிருந்து சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு கேட்டுப் பழகியவன் சகாய ஆனந்த். விடும்போது மட்டும் விசில் என்றால் பொறுக்கலாம், இழுக்கும்போதும் வந்தால் பம்பு கொடுக்க வேண்டும். அது அவனுக்குத் தெரியும்.

"போதும் எழில். பம்பு குடுத்துடுறேன்."

"ரூம் டோன் மட்டும் எடுத்துட்டுக் குடுத்துடலாம் ப்ரோ. கதவத் தொறந்தா அந்த ரூமே செத்துடும்."

சத்தம் பிடிக்கிறவர்களுக்கு இப்படி ஒரு சடங்கு உண்டு. எல்லாம் பதிவானபிறகு, அதே அறையில், அதே ஆளை வைத்துக்கொண்டு, யாரும் அசையாமல் அறையின் வெறும் மௌனத்தைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். பிறகு சத்தங்களுக்கு இடையே அதை வைத்துத்தான் ஒட்டுப்போடுவது. ரூம் டோன் என்று பெயர். ஆளை வெளியே அனுப்பிவிட்டு எடுத்தால் சேராது. ஆள் இருக்கும் அறையின் மௌனம் வேறு, இல்லாத அறையின் மௌனம் வேறு. இதை எழிலனுக்குச் சொல்லிக்கொடுத்தவனே சகாய ஆனந்துதான்.

அவன் தயங்கிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனில் விசில் குறைந்தது. இழுப்பு சன்னமானது. பிறகு அநேகமாக இல்லை. அவனுக்கு உடம்பெல்லாம் லேசானது. "பரவால்ல, தானா அடங்கிடுச்சு," என்றான். வெளியிலிருந்து அவள் ஹெட்போனுக்குப் பேச வைத்திருந்த மைக்கில் சொன்னான்: "அம்மா, இப்ப சும்மா இருக்குற ரூமை எடுக்கப் போறோம். பேசாத, அசையாத. முடிஞ்சதும் பம்பு தர்றேன்."

பதில் இல்லை. பேசாதே என்றபிறகு பேச மாட்டாள். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திப் பிடிக்கும் எழுந்தேற்ற நேரம் வந்தால் எத்தனை இருமலையும் விழுங்கிவிட்டுத் தலை குனிந்து நிற்கிறவள் அவள்.

பதிவு ஓடியது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள். நடுவில் பொத் என்று ஒரு சத்தம், பெரிதாக இல்லை, தலையணை விழுகிற மாதிரி.

எழிலன் ஹெட்போனைக் கழற்றினான். "யாரு அசையுறது? டேக் போச்சு."

சகாய ஆனந்த் மைக்கின் பொத்தானை அழுத்தினான். "அம்மா, அசையாதன்னு சொன்னேன்ல? இன்னொரு தடவை எடுக்குறோம். கொஞ்சம் பொறுத்துக்க."

இரண்டாவது தடவை குறையே இல்லை. துணி உரசவில்லை, நாற்காலி முனகவில்லை. எழிலன் நிறுத்த மனம் வராமல் கையைக் காட்டி இன்னும் ஓடட்டும் என்றான். அவன் கையில் மயிர் நின்றிருந்தது. "கேக்குதா ப்ரோ?" என்று உதட்டை மட்டும் அசைத்தான். "இதுதான் பயம்."

முடிந்ததும் சகாய ஆனந்த் பைக்குள் பம்பைத் தேடி எடுத்துக்கொண்டு போய்த் துணியை உருவிக் கதவைத் திறந்தான். வெளிச்சம் முதலில் நாற்காலியில் விழுந்தது. அதில் யாரும் இல்லை. இன்னாசிமேரி கீழே, மெத்தைச் சுவரில் தலை சாய்ந்து, ஒரு கையை மைக்கின் கால்பக்கம் நீட்டிக் கிடந்தாள். ஹெட்போன் காதிலேயே இருந்தது.

"டேய் மச்சான், புடிடா," என்று எழிலன் கத்தினான். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த மச்சான். இரண்டு மாடியும் தூக்கி இறக்கி ஆட்டோவில் போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். பார்த்துவிட்டு, இழுப்பு என்றதும், மூச்சில் விசில் நின்று எவ்வளவு நேரமாகிறது என்று கேட்டார்.

"அடங்கிடுச்சுன்னு நெனச்சோம் சார்."

"அடங்கல. முழுசா அடைச்சுக்கிச்சு," என்றார். "விசில் அடிக்கிறதுக்கும் கொஞ்சம் காத்து வேணுமில்லையா?"

அடக்கத்துக்கு எழிலன் கறுப்புச் சட்டையில் வந்தான்; அவனிடம் எல்லாச் சட்டையும் கறுப்புதான். வழியிலேயே உயிர் போனதாக அவன் எல்லோரிடமும் சொன்னான். ஆட்டோ கிளம்பும்போதுகூட நாடி இருந்தது என்றான். சேற்றில் வெறுங்காலோடு நடந்தது போலவே இதையும் அவன் நம்பிவிட்டான். கல்லறை வாசலில் கொஞ்சம் பேசவும் செய்தான். "அவுங்க சாகல. எங்க கேம் என்ஜின்ல இருக்காங்க." பக்கத்து வீட்டு ஆரோக்கிய அனிதா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எந்த ஊரு வண்டி தம்பி?" என்றாள்.

சில நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். ஆப்பிளோடுதான் வந்தான்.

"நீ டைம் எடுத்துக்க ப்ரோ. மனசு சரியாகட்டும். ஃபைலை மட்டும் குடு, நானே எடிட் பண்ணிக்கிறேன்."

சகாய ஆனந்த் அதுவரை ஸ்டுடியோ பக்கமே போவதில்லை என்றுதான் இருந்தான். எழிலன் எடிட் பண்ணுவான் என்றதும் அவனால் தாங்க முடியவில்லை. எழிலனுக்கு வெட்டத் தெரியாது. மூச்சின் வாலை வெட்டுவான், இழுப்பை நடுவில் ஒட்டுவான், எதிரொலியை அள்ளிக் கொட்டுவான். அம்மாவை அவன் கையில் விட முடியாது என்று, மறுநாளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

இரண்டு ரூம் டோனையும் மாற்றி மாற்றிக் கேட்டான். முதலாவதில் பொத் என்ற சத்தம் வருவதற்கு முன்னால் ஏதோ ஒன்று இருந்தது, சத்தம் என்று சொல்ல முடியாது, ஒரு கனம். இரண்டாவதில் அது இல்லை. அறை காலியாக இருந்தது. காதை நம்பிப் பிழைப்பவனுக்கு அந்த வித்தியாசம் சந்தேகமில்லாமல் கேட்டது. பொத் என்பதை வெட்டிவிட்டால் முதலாவதும் உதவும்தான். ஆனாலும் இரண்டாவதுதான் சுத்தமாக இருந்தது. அதையே எடுத்து வீடு முழுக்க, அறைக்கு அறை, விரித்தான்.

‘உப்பங்கழி வீடு’ வெளிவந்தது. மூச்சை ஆட்கள் பாராட்டினார்கள். ஆனால் எல்லோரும் தூக்கிப் பிடித்தது மூச்சு நிற்கும் இடங்களை. எங்கோ ஒரு தேசத்தில் ஒருவன், இந்தக் கேமில் பேயை விட அமைதிதான் பயமாக இருக்கிறது, யாரோ இந்த நிமிஷம்தான் எழுந்து போன அறை மாதிரி இருக்கிறது என்று எழுதினான். எழிலன் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினான்.

வெற்றி விழா சிதம்பரத்தில், ஒரு லாட்ஜின் கூட்ட அரங்கில். பேய் விளையாட்டுக்குக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கினார்கள். தில்லைநாதன் தலைமை, முதல் போட்டவர். இலக்கியா தொகுத்து வழங்கினாள். எழிலன் மௌனத்தைப் பற்றி வெகு நேரம் பேசினான்.

"சத்தம் எல்லாரும் பண்ணலாம். நாங்க மௌனத்தை டிசைன் பண்ணோம்," என்று முடித்தான்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல," என்றார் தில்லைநாதன், மைக் அணையாததைக் கவனிக்காமல்.

சிரிப்பு அடங்கியதும் இலக்கியா சகாய ஆனந்த் பக்கம் மைக்கை நீட்டினாள். "சவுண்ட் டைரக்டர் சார் ஒரு வார்த்தைகூடப் பேசலையே. அந்த அமைதியை எப்படி சார் ரெக்கார்ட் பண்ணீங்க? சீக்ரெட்டா?"

அவன் மைக்கை வாங்கிக்கொண்டான். சொல்ல வேண்டியது அவனிடம் ரொம்ப நாளாகத் தயாராக இருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம்கூட எழிலன் சொன்ன கதையையே சொல்லிவிட்டு வந்தவன். இந்த ஒரு இடத்தில், இத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டால், யாராவது ஒருவர் எழுந்து நாலு அறை விடுவார், அதோடு இறங்கிப் போய்விடலாம் என்று நினைத்தான்.

"ரூமுக்குள்ள எங்கம்மா செத்துட்டு இருந்தாங்க," என்றான். "நான் வெளில உக்காந்து, அசையாதன்னு சொல்லிட்டு, ரெக்கார்ட் பண்ணேன். முதல் டேக்ல விழுந்தாங்க. விழுந்த சத்தம் வந்துடுச்சின்னு இன்னொரு டேக் எடுத்தோம். கேம்ல நீங்க கேக்குறது அந்த ரெண்டாவது டேக்."

முன்வரிசையில் ஒருவர் போனிலிருந்து தலையை நிமிர்த்தினார். பிறகு பின்வரிசையில் ஒருவன் கை தட்டினான். அது முன்வரிசைக்கு வந்தது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். இலக்கியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாடகம் படித்தவள், நன்றாகவே துடைத்தாள். தட்டுவதை நிறுத்தச் சொல்லி சகாய ஆனந்த் கையை உயர்த்தினான். அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

எழிலன் ஓடிவந்து கட்டிக்கொண்டான். அவனுக்கு நிஜமாகவே கண்ணீர். காதருகே வாயை வைத்து, "என்னா லைன் ப்ரோ," என்றான். "முன்னாடியே சொல்லியிருந்தா போஸ்டர்லயே போட்டிருக்கலாம்."

"நீயும் பக்கத்துலதானே உக்காந்திருந்த," என்றான் சகாய ஆனந்த்.

எழிலனுக்குக் கேட்கவில்லை. கைதட்டல் ஜாஸ்தியாக இருந்தது.

தில்லைநாதன் பொன்னாடையோடு வந்து சகாய ஆனந்தின் தோளில் போர்த்தினார். போட்டோக்காரர் கேமராவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"ஃபிளாஷ் அடிக்கல ஐயா. இன்னொரு தடவை போத்துங்க. சார், நீங்க கொஞ்சம் சிரிங்க."

தில்லைநாதன் பொன்னாடையை உருவி, உதறி, மறுபடி போர்த்தினார். சகாய ஆனந்த் அசையாமல் நின்று சிரித்தான். படம் நன்றாக வந்திருக்கிறது.